மூணு வாரத்துல பழுத்த சாட்சி

விவசாயத்தைப் பத்தி எழுதறவன் இன்னிக்கு சபையைப் பத்தி எழுதறேன். படிச்சுட்டு யாராவது கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ள கிடக்கிற விஷயம்.

மாங்கா சீசன் வந்துட்டா நம்ம சேலத்துல ரெண்டு பேச்சு தவறாம வரும். ஒண்ணு, மல்கோவா என்ன விலை. இன்னொண்ணு, எந்தக் குடோன்ல அதிகாரிங்க கல்லு வெச்ச பழத்தைப் புடிச்சாங்க. கல்லுன்னா கார்பைட் கல்லு. காத்துல இருக்கிற ஈரம் பட்டா அதுலருந்து ஒரு வாயு வரும். அந்த வாயு பட்டதும் முத்தாத காய்கூட ரெண்டு நாள்ல மேல்தோல் மஞ்சளாயிடும். பாத்தா பழம். அறுத்தா உள்ள புளிப்பு, வாசமே இருக்காது. சாப்பிடறவங்க உடம்புக்குக் கெடுதல்னு உணவுப் பாதுகாப்புச் சட்டமே இதைத் தடை பண்ணியிருக்கு. அஸ்தம்பட்டி உழவர் சந்தையில கடை போடற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க: மஞ்சளா இருக்கிறதை வெச்சு பழத்தை எடை போடாதீங்க, காம்புகிட்ட மோந்து பாருங்கன்னு.

இதே கல்லை இப்ப சபைகள்ல மனுசங்களுக்கு வெக்கிறாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க ஊர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டற அண்ணன் ஒருத்தர். பேரு வேண்டாம். நல்ல உழைப்பாளி, உழவு ஓட்டினா சால் நேரா இருக்கும். ஆனா இருபது வருஷக் குடி. ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனாரு, அழுதாரு, அன்னியிலருந்து குடிக்கல. உண்மையாவே குடிக்கல. மூணாவது வாரம் அவரை மேடை ஏத்திட்டாங்க. மைக்கைக் கையில கொடுத்து, "முந்தி எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்க, சொல்லுங்க பிரதர்"ன்னாங்க. அவரும் சொன்னாரு. கை தட்டினாங்க. அடுத்த கூட்டத்து நோட்டீஸ்ல அவரு போட்டோ. "குடியிலிருந்து ஒரே இரவில் விடுதலை"ன்னு கொட்டை எழுத்து. அந்த நோட்டீஸ் அவரு பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுவர்லயும் ஒட்டியிருந்துச்சு.

ஆறாவது மாசம், ஒரு சாவு வீட்டுல, அண்ணன் குடிச்சுட்டாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறல. மேடையில கூப்பிட்ட அதே வாய் "பின்மாற்றக்காரன்"னுச்சு. திருவிருந்துக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. நோட்டீஸ்ல போட்டோ பாத்த ஊரு, டீக்கடையில வெச்சு சிரிச்சுது. "என்னப்பா, ஒரே ராத்திரியில விடுதலைன்னீங்க?" ஆறு மாசம் குடிக்காம இருந்த ஒரு மனுசனை, அந்த ஆறு மாசத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்காம, ஒரு ராத்திரியைக் காட்டி வெளிய தள்ளிட்டாங்க. இருபது வருஷக் குடியில ஆறு மாசம்கிறது எவ்வளவு பெரிய வெள்ளாமை தெரியுமா? அதை யாரும் வெள்ளாமையா எண்ணவே இல்ல.

அந்த அண்ணன் இப்ப எந்த சபைக்கும் போறதில்ல. சில மாசம் குடிக்காம இருக்காரு, சில நாள் தவறுறாரு, மறுபடி எழுந்திருக்காரு. தனியாளா.

இதை எடுத்துச் சொன்னா உடனே ஒரு கேள்வி வரும். "ஏன், ஆண்டவரால ஒரு நொடியில மாத்த முடியாதா? பவுலை மாத்தலையா? சிலுவையில தொங்கின கள்ளனை மாத்தலையா?"

மாத்தினாரு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பவுல் கதையைப் பாதியில நிறுத்தாதீங்க. தமஸ்கு ரோட்டுல வெளிச்சம் பட்டது ஒரு நொடி. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு அவரே கலாத்தியருக்கு எழுதின நிருபத்துல முதல் ரெண்டு அதிகாரத்துல சொல்றாரு. அரபி தேசத்துக்குப் போனது, திரும்பி தமஸ்குவுக்கு வந்தது, மூணு வருஷம் கழிச்சுத்தான் எருசலேமுக்குப் போய் பேதுருவைப் பாத்தது, பதினாலு வருஷம் கழிச்சு மறுபடி போனது. பவுலுக்கே மூணு வருஷம்! நம்ம டிராக்டர் அண்ணனுக்கு மூணு வாரமா?

கள்ளன் விஷயம் வேற. அவனுக்கு மறுநாள்னு ஒண்ணு இல்ல. நமக்கு இருக்கு. திங்கக்கிழமை காலையில எழுந்திரிக்கணும், கூலி கேட்டு வர்றவனுக்கு பதில் சொல்லணும், டாஸ்மாக் வாசலைத் தாண்டி வீட்டுக்கு வரணும். விதைக்கிறது ஒரு நாள் வேலை, ஒத்துக்கறேன். வெள்ளாமை ஒரு நாள் வேலை இல்ல.

நம்ம பக்கம் குச்சிக்கிழங்கு போட்டா பத்து மாசம். மஞ்சள் ஒன்பது மாசம். ஒட்டு மாங்கன்னு நல்லா காய்க்க நாலஞ்சு வருஷம். நெட்டைத் தென்னைக்கு ஆறேழு வருஷம். குச்சி நட்டவன் கிழங்கு இறங்கியிருக்கான்னு வாரம் ஒரு தரம் தோண்டிப் பாத்தா என்ன ஆகும்? வேர் அறுந்து செடி சாகும். இயேசு சாமி பேசினதும் இதே பாஷைதான். மாற்கு நாலாம் அதிகாரத்துல, விதைச்சவன் ராத்திரி தூங்கறான், பகல்ல எழுந்திரிக்கிறான், விதை எப்படி வளருதுன்னு அவனுக்கே தெரியல. முதல்ல முளை, அப்புறம் கதிர், அப்புறம்தான் கதிர்ல மணின்னு ஒரு உவமை இருக்கு. முளையைப் பாத்து மணி எங்கன்னு கேக்கிறவன் விவசாயியே இல்ல.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மிளகு வாங்கப் போறோம், அருவியில குளிச்சுட்டு வர்றோம். அந்த மலைக்கு ரோடே இல்லாத காலத்துல, 1913-ல ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட்னு வெள்ளைக்காரப் புருசன் பொண்டாட்டி குடிவந்தாங்க. கல்யாணமான கையோட மலை ஏறினவங்க. வைத்தியம் பாத்தாங்க, பள்ளிக்கூடம் வெச்சாங்க, தச்சு வேலை சொல்லிக் கொடுத்தாங்க, பட்டுப்புழு வளர்க்க வெச்சாங்க. பல வருஷம் உழைச்சும் ஒருத்தர்கூட அவங்க மார்க்கத்துக்கு வரல. அங்க இருந்த பூசாரி ஒருத்தர் அவங்களுக்கு நேர் எதிர்ப்பு. ஊரே அவரு பேச்சுக்குக் கட்டுப்பட்டுச்சு.

அப்புறம் 1918, 19 வாக்குல உலகம் முழுக்க அடிச்ச விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறுச்சு. ஜனங்க வீட்டை விட்டு ஓடினப்போ இவங்க கஞ்சி காய்ச்சி எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனாங்க. அந்தப் பூசாரியும் படுத்தாரு. சாகப்போற நேரத்துல, தன் பிள்ளைங்களை இவங்ககிட்டத்தான் ஒப்படைச்சாரு. மேடை போட்டு நடந்ததில்ல இது. வருஷக்கணக்கா பக்கத்துலயே இருந்து பாத்ததுல வந்த நம்பிக்கை.

அந்த ஜெஸ்ஸி பாத்த வைத்தியத்துல ஒண்ணு நரம்புச் சிலந்தி. இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியாது, 2000-லயே இந்தியாவுல அந்த நோய் ஒழிஞ்சாச்சு. கெட்ட தண்ணி வழியா உடம்புக்குள்ள போற புழு, முழ நீளம், அதுக்கும் மேல வளந்து கால்ல புண்ணு வெச்சு வெளிய தலை நீட்டும். அதை வெடுக்குனு இழுக்கக்கூடாது. இழுத்தா அறுந்துபோய் உள்ளயே அழுகி, காலு வீங்கி, ஆளு படுத்துருவான். ஒரு சின்னக் குச்சியில தலையைச் சுத்தி, நாளுக்குக் கொஞ்சம், நாளுக்குக் கொஞ்சமா, நாள்கணக்குல, சில சமயம் வாரக்கணக்குல சுத்தி எடுக்கணும். புழு போகணும்கிறதுல வைத்தியருக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவசரப்பட்டா நோயாளிதான் போவான்னு அவருக்குத் தெரியும்.

ஒரு மனுசனோட குடி, கோவம், பொய், பொறாமை எல்லாம் அந்தப் புழு மாதிரிதான். நம்ம பிரதர்மாருங்க மேடையில வெச்சு வெடுக்குனு இழுக்கிறாங்க. தலை கையில வந்துருச்சுன்னு கைதட்டறாங்க. பாக்கி உடம்பு உள்ள அழுகிறது யாருக்கும் தெரியல.

ஜெஸ்ஸி 1929-ல கொல்லிமலையிலேயே காய்ச்சல்ல செத்துப்போனாரு. ஈவ்லின் அம்மா அதுக்கப்புறம் நாப்பத்தஞ்சு வருஷம் இருந்தாங்க. வசதியான லண்டன் குடும்பத்துல பொறந்தவங்க, படம் வரையறவங்க, நல்லா உடுத்தறவங்க. எழுபது வயசு நெருங்கறப்போ மிஷன்காரங்க போதும்னு சொன்னாங்க. இவங்க கேக்கல. சொந்தப் பொறுப்புல மறுபடி மலை ஏறினாங்க. மட்டக்குதிரையில போயி, முடியாத காலத்துல ரெண்டு கம்பு ஊன்றி நடந்து, கொல்லிமலை மட்டுமில்லாம சுத்துப்பட்ட மலைகளுக்கும் போனாங்க. கடைசி இருபது வருஷம் அவங்க வீட்டுல முகம் பாக்கிற கண்ணாடியே இல்லைன்னு அவங்க மகன் எழுதியிருக்காரு. வேலூர்ல தொழுநோயாளிங்களோட மடங்கின கைக்கு ஆபரேஷன் பண்ணி நிமித்தின டாக்டர் பால் பிராண்ட்தான் அந்த மகன். 1974-ல, 95 வயசுல அம்மா இறந்தாங்க. அலங்காரம் பிடிச்ச ஒரு பொண்ணு, கண்ணாடியே வேண்டாம்ங்கிற இடத்துக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆச்சு பாருங்க. அதுக்கு ஒரு தேதி சொல்ல முடியுமா? எந்த ராத்திரியில நடந்துச்சுன்னு நோட்டீஸ் அடிக்க முடியுமா?

திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஞானஸ்நானம் எடுத்தது 1858-ல. ஜான் பனியன் கதையைத் தழுவி அவர் பாடின இரட்சணிய யாத்திரிகம் புத்தகமா வந்தது 1894-ல. நடுவுல முப்பத்தாறு வருஷம். புத்தகத்து பேரையே பாருங்க, யாத்திரிகம். நடந்து போற கதை. வழியில சேறு உண்டு, மேடு உண்டு, வழி தப்பிப் போறதும் உண்டு. சேத்துல விழுந்தவனைப் பாத்து நீ பயணியே இல்லைன்னு அந்தக் கதையில யாரும் சொல்றதில்ல. கை கொடுத்துத் தூக்கி விடத்தான் ஆள் வர்றான்.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். இது நியாயமான கேள்வி. "மெதுவா, மெதுவான்னு சொன்னா சோம்பேறிக்கு அது சாக்கா போயிடாதா?"

போகும். போயிருக்கு. எங்க போயிருக்குன்னு பாருங்க, அங்கதான் எனக்குக் கோவமே.

நம்ம நாட்டுக்கு கிறிஸ்தவம் நேத்து வரல. ராபர்ட் டி நொபிலி சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்தது 1623-ல. லண்டன் மிஷன் சேலத்துல வேலை ஆரம்பிச்சது 1827-ல. எங்க சாதிக்காரங்க, உங்க சாதிக்காரங்கன்னு பிரிஞ்சு உக்கார்றதை நிறுத்தணும்னு பிஷப் டேனியல் வில்சன் கண்டிப்பா உத்தரவு போட்டது 1833-ல. உத்தரவைக் கேட்டு தஞ்சாவூர்ல எத்தனையோ பேர் சபையையே விட்டுட்டுப் போனாங்க, சாதியை விடல. "மெதுவாத்தான் மாறும், அவசரப்படக்கூடாது"ன்னு அன்னிக்கும் சொன்னாங்க. 2008 மார்ச்சுல விழுப்புரம் மாவட்டம் எறையூர்ல ஒரே சபைக்காரங்களுக்குள்ள சாதித் தகராறு முத்தி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. வில்சன் உத்தரவுலருந்து எண்ணினா 175 வருஷம். இன்னிக்கும் தனிக் கல்லறை இருக்கிற ஊரு தமிழ்நாட்டுல இருக்கு. கல்யாணத்துக்கு பொண்ணு பாக்கிறப்போ முதல் கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப கணக்குப் போடுங்க. குடிகாரனுக்கு மூணு வாரம் தவணை. சாதிக்கு நானூறு வருஷம் தவணை.

கூலிக்காரன் தவறினா பின்மாற்றம். பெரிய வீட்டுக்காரர் தன் வீட்டுத் திண்ணையில அதே சபை ஆளை உக்கார விடலைன்னா, "அவரு வளந்துக்கிட்டு இருக்காரு, ஜெபம் பண்ணுவோம்". அவசரம் யாரு மேல, பொறுமை யாரு மேலன்னு பாத்தீங்களா? ரெண்டையும் தலைகீழா மாத்தி வெச்சிருக்கோம்.

விவசாயிக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். காட்டுல கோரை முளைச்சிருக்கு. மேல பிடுங்கினா கிழங்கு உள்ளயே இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். அதை ஒரு நாள்ல ஒழிக்கவே முடியாது. கோடை உழவு ஓட்டணும், கிழங்கைப் பொறுக்கணும், வெயில்ல காய விடணும், மறு வருஷமும் பண்ணணும். ஆனா பக்கத்துக் காட்டுக்காரனுக்கு வழி விடாம போட்ட முள்வேலி இருக்கே, அதை எடுக்க எத்தனை வருஷம் வேணும்? ஒரு காலை போதும். எடுக்க மனசு இருந்தா.

குடி கோரை மாதிரி, உடம்புக்குள்ள வேர் விட்டது. ரொம்ப வருஷம் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பே வரும். ஜெபத்தோட டாக்டரும் வேணும். சாதிப் பந்தி, தனிக் கல்லறை, தனி பெஞ்சு எல்லாம் வேலி. நம்ம கையால போட்டது, நம்ம கையாலயே எடுக்கலாம். உள்ளுக்குள்ள இருக்கிற சாதித் திமிர் முழுசா சாக காலமாகும்கிறது வேணா உண்மை. ஆனா அது சாகிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

பேதுரு கதையையே எடுத்துக்கோங்க. இயேசுவோட கூட நடந்தவரு, பெந்தெகொஸ்தே நாள்ல பிரசங்கம் பண்ணினவரு. அப்பேர்ப்பட்டவரே அந்தியோகியாவுல புறஜாதியாரோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு, யூதர் சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிட்டாரு. பவுல் என்ன பண்ணினாரு? "பேதுரு வளந்துக்கிட்டு இருக்காரு"ன்னு விட்டாரா? எல்லார் முன்னாடியும் நேருக்கு நேரா கண்டிச்சாரு. அதுக்காகப் பேதுருவை சபையை விட்டுத் தள்ளினாங்களா? அதுவும் இல்ல. தப்பை அன்னிக்கே சொன்னாங்க, ஆளைக் கடைசி வரைக்கும் வெச்சுக்கிட்டாங்க. நம்ம சபைகள் இந்த ரெண்டையும் கத்துக்கல.

லூக்கா பதிமூணுல காய்க்காத அத்திமரம் இருக்கு. மூணு வருஷமா காய்க்கல, வெட்டுன்னாரு முதலாளி. தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்டான். சும்மா கேக்கல. சுத்திக் கொத்தறேன், எரு போடறேன்னு சொல்லிக் கேட்டான். எரு போடறவனுக்குத்தான் தவணை கேக்கிற உரிமை. சாதிக்குத் தவணை கேக்கிறவங்க எங்க கொத்தினாங்க, என்ன எரு போட்டாங்கன்னு காட்டட்டும்.

சரி, என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. எனக்குத் தோணறதைச் சொல்றேன்.

புதுசா வந்தவரை குறைஞ்சது மூணு வருஷத்துக்கு மேடை ஏத்தாதீங்க, நோட்டீஸ்ல போட்டோ போடாதீங்க. 1935-ல அமெரிக்காவுல குடியை விட நினைச்சவங்க ஒண்ணு சேந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா இருக்கு, தமிழ்லயும் கூட்டம் நடக்குது. அவங்க முறையில பத்திரிகையில பேரும் போட்டோவும் வரக்கூடாது. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருப்போம்கிறதுதான் பேச்சு. தவறினவன் மறுநாள் வந்தா நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க. இந்த அறிவு சபைக்கு இருக்க வேண்டாமா?

மேடை சாட்சிக்குப் பதிலா வீட்டு சாட்சி கேளுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அவரு சம்சாரத்தைக் கேளுங்க, கூலிக்கு வந்தவங்களைக் கேளுங்க, கடன் கொடுத்தவங்களைக் கேளுங்க. பழுத்த பழத்துக்கு நோட்டீஸ் வேண்டாம், வாசமே தெருவுக்கு வரும்.

தவறினவரைத் திருவிருந்துலருந்து தள்ளறதுக்கு முன்னாடி, சாதி பாக்கிறவர் அதே வரிசையில முன்னாடி நிக்கிறாரான்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

கடைசியா, அந்த டிராக்டர் அண்ணன் மாதிரி யாராவது இதைப் படிச்சா: ஆறு மாசம் குடிக்காம இருந்தது வீணாப் போகல அண்ணா. மழை பொய்ச்ச வருஷம் வேர் ஆழமாப் போகும்னு சொல்லுவாங்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். மறுபடி ஆரம்பிங்க, தனியா ஆரம்பிக்காதீங்க. பெரியாஸ்பத்திரியில இதுக்கு டாக்டர் பாக்கிறாங்க, கூட ஒரு ஆள் வேணும்னா நான் வர்றேன். உழவர் சந்தையில காலையில ஆறு மணியிலருந்து இருப்பேன். சாட்சி எல்லாம் சொல்ல வேண்டாம். டீ குடிச்சுட்டுப் போலாம்.